சத்தம் நீக்கிய வீடியோ

வாங்கண்ணே, வாங்க. செருப்போடவே வாங்க, பரவால்ல. பாஸ்போர்ட் சைசா? இல்லையா? போன்ல என்னமோ காட்டுறீங்க, குடுங்க பாப்போம்.

ஆமா. நம்ம எடுத்த வீடியோதான். ஓரத்துல பாருங்க, ஸ்டூடியோ பேரு சின்னதாப் போட்டிருக்கேன். பொண்ணு பேரு ரூபிணி. பஞ்சவர்ணம் மக. நீங்க யாரு, எந்த ஊரு?

ஓ. மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா. சின்னமனூர்ல இருந்தா வர்றீங்க. அடடே, முதல்லயே சொல்ல வேணாமா. அந்த பிளாஸ்டிக் சேர் ஆடும், இதுல உக்காருங்க. ஏசியைக் கூட்டி வைக்கிறேன். ஆனியில பூ வச்சுட்டுப் போனீங்க, ஆவணியில கல்யாணம், அதானே? கேள்விப்பட்டேன். என்னைக் கூப்பிடலை. பரவால்ல, அதை விடுங்க.

என்ன கேக்கணும், கேளுங்க. பொண்ணு ஊமையான்னா? இந்த வீடியோவைப் பாத்துட்டா கேக்குறீங்க? உங்க சொந்தக்காரங்க குரூப்ல சுத்துதா? எத்தனை பேரு அனுப்புனாங்க? பதினாலு பேரா! பாத்தீங்களா. போட்டு மூணு வாரம்கூட ஆகலை, கம்பம் சின்னமனூர் வரைக்கும் போயிருக்கு. வீடியோ அப்பிடி வந்திருச்சுண்ணே. நானே எதிர்பார்க்கலை.

ஊமையெல்லாம் இல்லண்ணே. நல்லாப் பேசும். கொஞ்சம் கூடவே பேசும்.

ஒண்ணு முதல்லயே சொல்லிர்றேன். அந்தப் பொண்ணைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை என் வாயில வராது. கல்யாணக் காரியம், ஒரு பொண்ணு வாழ்க்கை. நான் அதுக்கு அப்பன் ஸ்தானம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், முடிவு நீங்க பண்ணிக்குங்க. டீக்கடையம்மா, ரெண்டு டீ குடுத்து விடுங்க! இனிப்பு போடலாம்ல உங்களுக்கு?

எட்டு வருசம் ஆச்சுண்ணே. பஞ்சவர்ணம் நெலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ கட்டிப் போடுது. புருசன் போய்ச் சேந்துட்டான். ஒத்தப் புள்ள, அதுக்கு அப்ப பன்னெண்டு வயசு. திடீர்னு உடம்பு பூராம் நீலம் நீலமாப் புள்ளி, பல்லு விளக்குனா ரத்தம். மதுரையில பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரியில காட்டுனா, இதுக்கு உடம்புல ரத்தமே ஊறலைன்னு சொல்லிட்டாங்க. எலும்புக்குள்ள இருக்குற மஜ்ஜையை மாத்தணும். அம்மாவோடது சேரும். பதினெட்டு லட்சம். பூ கட்டுற பொம்பளைக்குப் பதினெட்டு லட்சம்னா எப்பிடி இருக்கும்? அது எத்தனை சைபர்னு என்கிட்டதான் வந்து கேட்டுச்சு.

யாரோ வழி சொல்லியிருக்காங்க. இன்டர்நெட்ல படத்தைப் போட்டா உலகம் பூராம் இருந்து ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புவாங்க, அதுக்குன்னே ஒரு கம்பெனி இருக்குன்னு. அந்தக் கம்பெனிக்காரங்க ஒரு வீடியோ வேணும்னுட்டாங்க. பஞ்சவர்ணத்துக்கு என்னை விட்டா யாரு? ரேசன் கார்டுக்கு நான்தான் படம் எடுத்தேன். ஃப்ரீயா எடுத்துக் குடுத்தேன்ணே. ஒத்தப் பைசா வாங்கலை. இதை யார்கிட்ட வேணாலும் கேளுங்க.

ஆனா அந்தப் பொண்ணு அழுவலை.

நீங்க ஒரு நல்ல குடும்பத்து ஆளு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. இப்பிடி ஒரு கல்நெஞ்சை நான் பாத்ததே இல்ல. தலையெல்லாம் சிரைச்சு, மூக்குல மாஸ்க் போட்டு, கையில ஊசி மாட்டிக் கட்டில்ல உக்காந்திருக்கு. இடுப்பெலும்புல ஊசி குத்தி மஜ்ஜை எடுத்துட்டு இப்பத்தான் கூட்டிட்டு வர்றாங்க. பெரிய ஆளுகளே கத்துவாங்களாம் அதுக்கு. இது சும்மா உக்காந்திருக்கு. பாப்பா, கேமராவைப் பாத்து கொஞ்சம் அழுவும்மான்னேன். எதுக்கு மாமான்னுச்சு. அழுதாத்தான் பணம் வரும்னேன். வலிச்சாப் போதாதா மாமான்னு கேக்குது.

பேச்சைப் பாருங்க!

அது ஒரு ஆட்டுக்குட்டி வளத்துச்சு. பேருகூட என்னமோ வச்சிருந்துச்சு. பஞ்சவர்ணத்தை வெளியில அனுப்பிட்டு, பாப்பா, உன் குட்டியை உங்கம்மா வித்துருச்சும்மான்னேன். பொய்தான். அழுவட்டும்னு சொன்னேன். அது என் மூஞ்சியையே பாத்துட்டு எவ்வளவுக்கு மாமா வித்தாங்கன்னு கேட்டுச்சு. என்னத்தைச் செய்யிறது? கடைசியில கிளிசரின்தான். சினிமாவுல போடுறதுதான், ஒண்ணும் பண்ணாது. இதுக்கு மட்டும் ரெண்டு கண்ணும் செவந்து மூணு நாளைக்குத் திறக்கலை. டாக்டர் என்னை வார்டு வாசல்லயே வச்சுக் கத்துனாரு. ரத்தத்துல சக்தி இல்லாத புள்ளைய்யா, கிருமி ஏறியிருந்தா என்னய்யா பண்ணுவன்னு. கத்திட்டுப் போகட்டும். அந்த ஒரு ஷாட்டுதான் இருபத்திரெண்டு நாள்ல பதினெட்டு லட்சத்தைக் கொண்டு வந்துச்சு. டாக்டர் கொண்டு வரலை.

டீ வந்திருச்சு, எடுத்துக்குங்க.

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. சத்தியமாச் சொல்றேன், அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்த அன்னைக்கு இந்தக் கடையில வச்சு நான் அழுதேன். என் வீடியோவால ஒரு உசுரு நின்னுச்சே! அந்த மாதிரி ஒரு நாளு ஒரு போட்டோகிராபருக்கு வாய்க்காதுண்ணே. கல்யாணம் காதுகுத்துன்னு எத்தனையோ எடுத்தாச்சு, யாரு நினைச்சுப் பாக்கப் போறா.

அந்தக் கம்பெனிக்காரன் என்ன பண்ணிட்டான், கேட்ட தொகை சேந்த அன்னைக்கே மூடிட்டான். முடிஞ்சதுன்னு பச்சையில போட்டுட்டான். பணம் அனுப்புற பட்டனை அமுத்துனா வேலை செய்யாது. அவன் மூடிட்டாப் போச்சா? குடுக்குற மனசை எப்பிடி மூடுறது? அடியில தொடர்புக்குன்னு என் நம்பர் இருந்துச்சு. வரிசையா போன். சார், பட்டன் வேலை செய்யலையே, எப்பிடி அனுப்புறதுன்னு. திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா, புருசனுக்குத் தெவசம், ஐயருக்குக் குடுக்குறதை இந்தப் பாப்பாவுக்குக் குடுக்கணும்னு அழுவுது. நான் என்ன, குடுக்காதீங்கன்னா சொல்ல முடியும்? செத்த மனுசன் காரியத்துல குறுக்க நிக்க நான் யாரு? பஞ்சவர்ணம் பேர்ல அக்கவுண்ட் இருந்துச்சு, அதைக் குடுத்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

அப்பறம் அவங்க பாப்பா குரலைக் கேக்கணும்பாங்க. பொறந்தநாளு, கல்யாணநாளு, தெவசம்னு அனுப்புறவங்களுக்கு ஒரு ஆசை, பாப்பா வாயால ஒரு வாழ்த்து. அதையும் எடுத்து வச்சேன். ஏழு தினுசு. இருங்க, போட்டுக் காட்டுறேன்.

"ரொம்ப நன்றி மாமா. நீங்க நூறு வயசு நல்லா இருக்கணும்."

கேட்டீங்களா? இது மாமாவுக்கு. அத்தைக்குத் தனி. தெவசத்துக்குத் தனி, அதுல சிரிப்பு இருக்காது. இன்னைக்குக் காலையிலகூட ஈரோட்டுக்கு ஒண்ணு அனுப்புனேன். எட்டு வருசமா இதே ஏழுதான். அது வளந்துருச்சு, குரலு மாறிருச்சு, இப்பப் போய்ப் பேசச் சொன்னா யாரு நம்புவா.

மொத வருசம் அம்புட்டும் மாத்திரைக்கே குடுத்தேன். அப்பறம் டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டாரு. இனி வருசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுனாப் போதும், நீ நல்லாயிட்ட, போயிப் படின்னுட்டாரு. அவங்களுக்குச் சந்தோசம். எனக்குத்தான் சங்கடம். அனுப்புறவங்க அனுப்பிக்கிட்டே இருக்காங்களே, நான் என்ன பதில் சொல்றது? தீவாளிக்குத் தீவாளி பஞ்சவர்ணத்துக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்துருவேன். மிச்சத்தை நான் என்ன பண்ணேன்னு நீங்க கேக்கலை, ஆனா கண்ணு கேக்குது. இந்த ஏசி, அந்த கம்ப்யூட்டர், கேமரா. ஒளிக்கிறதுக்கென்ன? இதுல யாரு வீடியோவை எடிட் பண்றேன்? அது வீடியோவைத்தான். அதோட காசு அதுக்கே போகுது.

எனக்குப் பெரிய தொந்தரவு எங்கன்னா, அது உடம்பு தேறிக்கிட்டே போச்சு. கன்னம் வச்சிருச்சு. தலைமுடி என்னமா வளருது தெரியுமா! பணம் அனுப்புறவங்களுக்கு வருசத்துக்கு ஒரு புதுப் படமாவது வேணும்ல. பஞ்சவர்ணத்துக்கிட்டச் சொன்னேன், தாயி, பொழைச்ச புள்ள, பழனிக்கு வேண்டிக்க, வருசா வருசம் மொட்டை போடுறேன்னு வேண்டிக்கன்னு. அதுக்கு பக்தி ஜாஸ்தி. என் கார்லதான் கூட்டிட்டுப் போனேன். பெட்ரோலு என்னது. மலையடிவாரத்துல மொட்டை போட்டு, சந்தனம் தடவுறதுக்கு முன்னாடி ஒரு ஓரமா உக்கார வச்சு நாலு படம் எடுத்துருவேன். சாமிக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு. பள்ளிக்கூடத்துல மொட்டச்சி மொட்டச்சின்னு கேலி பண்ணியிருப்பாங்கபோல. புள்ளைங்கன்னா அப்பிடித்தான். மூணு வருசம் போட்டுச்சு. பதினஞ்சு வயசுல, இனி மாட்டேன்னு அடிவாரத்துல முடிகொட்டகை வாசல்ல நின்னுக்கிச்சு. முருகனுக்கு வேணும்னா முருகன் என்கிட்டக் கேக்கட்டும், நீங்க ஏன் மாமா கேக்குறீங்கன்னு கேட்டுச்சு. சாமி காரியத்துல இப்பிடிப் பேசுற பொண்ணு. நான் குறையாச் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்.

ஒரு நிமிசம்ணே, வாங்கம்மா. ஆதாருக்கா? குழந்தையை மடியில வச்சு அந்த நீலத்துணிக்கு முன்னாடி உக்காருங்க. மூஞ்சி நேரா. கண்ணு, இங்க பாரு, இங்க. அட, அழுதிருச்சே! பரவால்லம்மா, விடுங்க, விடுங்க, துடைக்காதீங்க. எடுத்தாச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு வந்து வாங்கிக்குங்க.

பாத்தீங்களாண்ணே, எவ்வளவு லேசா அழுவுது! இந்த மாதிரிக் குழந்தை கிடைச்சிருந்தா எனக்கு இவ்வளவு பாடு இல்ல.

அப்பறம் அது மருந்துக்குப் படிச்சுச்சு. டிப்ளமா. இங்க பஸ் ஸ்டாண்டுக்குள்ள மெடிக்கல்ல வேலை. உங்களுக்குத் தெரியும், அங்கதான மாப்பிள்ளைத் தம்பி பாத்திருக்காரு. நான் தினமும் எதிர்த்தாப்புல இருந்து பாக்குறேன், ஒரு நாளு திரும்பி இந்தப் பக்கம் பாக்காது. சரின்னு விட்டுட்டேன்.

சித்திரையில ஒரு நாளு. ராஜபாளையத்துல இருந்து ஒரு ரிடையர்டு வாத்தியாரு வந்து இறங்குறாரு. ஒரு பையில ஆப்பிள், ஹார்லிக்ஸ். மாசா மாசம் பென்சன்ல இருந்து அனுப்புறவரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? நேரா மெடிக்கலுக்குப் போயி, போன்ல அந்த மொட்டைத்தலைப் படத்தைக் காட்டி, இந்தப் பாப்பா வீடு எங்கம்மான்னு கேட்டிருக்காரு. யார்கிட்ட? அதுகிட்டயே!

இல்லேன்னு சொல்லியிருக்கலாம். தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? நான்தான் தாத்தான்னுச்சு.

அவரு அதைப் பாக்குறாரு, படத்தைப் பாக்குறாரு. பொழைச்சுட்டியா தாயின்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவுறாரு மனுசன். அதோட விட்டிருக்கலாம். இது எட்டு வருசத்துக்கு முன்னாடியே பொழைச்சுட்டேன்னு சொல்லுது. கையை விட்டுட்டாரு. கத்த ஆரம்பிச்சாரு பாருங்க, பஸ் ஸ்டாண்டே கூடிருச்சு. என் பொண்டாட்டி கண் ஆபரேசனைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு உனக்கு அனுப்புனேனேடி திருடி, அவளுக்கு இப்ப ஒரு கண்ணு போச்சேடின்னு. திருடி, திருடின்னு அத்தனை பேரு முன்னாடி. நான் இங்கன கண்ணாடிக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். எனக்கே சங்கடமாப் போச்சு.

அது அழுவலைண்ணே. அப்பக்கூட அழுவலை. கையைத் தூக்கி என் கடையைக் காட்டுச்சு.

எட்டு வருசம். உசுரைக் காப்பாத்துனவன். பஸ் ஸ்டாண்டு பூராம் பாக்க என்னைக் கையைக் காட்டுது. நான் ஷட்டரை இறக்கிட்டு உள்ள உக்காந்துட்டேன். அன்னைக்கு எனக்கு இருந்த வேதனை இருக்கே, அதை நான் யார்கிட்டயும் சொல்லலை. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

போலீசுக்கா? அதுவும் போகப் பாத்துச்சு. நான்தான் கூப்பிட்டு நல்லபடியாச் சொன்னேன், பாப்பா, அக்கவுண்டு உங்கம்மா பேர்ல இருக்கு. வந்தது பூராம் உங்கம்மா பேர்ல வந்திருக்கு. ஏடிஎம் கார்டு என்கிட்ட இருக்குன்னு நீ சொல்லலாம், பேங்குல உங்கம்மா கைநாட்டுத்தான் இருக்கும். மொதல்ல யாரைக் கூட்டிட்டுப் போவாங்கன்னு யோசிச்சுக்கன்னேன். அதோட நின்னுக்கிச்சு. பஞ்சவர்ணத்துக்கு இன்னைக்கு வரைக்கும் இது ஒண்ணும் முழுசாப் புரியாது. அது என்னைப் பாத்தாக் கையெடுத்துக் கும்பிடும்.

நீங்க பூ வச்சுட்டுப் போன மறுநாளு அது இங்க வந்துச்சு. இதே சேர்லதான் உக்காந்துச்சு. மாமா, எனக்குக் கல்யாணம், அந்த வீடியோ எல்லாத்தையும் இன்டர்நெட்ல இருந்து எடுத்துருங்க, இதுவரைக்கும் நடந்ததை நான் கேக்கலை, எடுத்து மட்டும் விட்டுருங்கன்னுச்சு. நான் என்ன ராட்சசனா? சரின்னேன். ஒரே ஒரு கடைசி வீடியோ குடு, நீயே பேசு, உன் இஷ்டப்படி என்ன வேணாப் பேசு, அதைப் போட்டு முடிச்சுக்குவோம்னேன். மூஞ்சியே மாறிருச்சு அதுக்கு. அன்னைக்குத்தான் எட்டு வருசத்துல மொத மொதல்ல என்னைப் பாத்துச் சிரிச்சுச்சு.

இந்தாங்க, ஒரிஜினலே இருக்கு. சத்தத்தோட போடுறேன், கேளுங்க.

"என் பேரு ரூபிணி. இருபது வயசு ஆகுது. பன்னெண்டு வயசுல உங்க பணத்துலதான் பொழைச்சேன். அப்பவே முழுசா நல்லாயிட்டேன். இப்ப ஒரு மாத்திரைகூடக் கிடையாது. தயவுசெய்து யாரும் எனக்கு இனிமே பணம் அனுப்பாதீங்க. ராஜபாளையத்துல இருந்து வந்த தாத்தா, இதை நீங்க பாத்தா, சத்தியமா எனக்குத் தெரியாது தாத்தா. நீங்க மாசா மாசம் அனுப்புனது எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் சம்பாதிக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துருவேன். பாட்டி கண்ணுக்கு மருந்து நான் அனுப்புறேன். அப்பறம்... எனக்குக் கல்யாணம் வச்சிருக்கு."

சிரிக்குது பாருங்க, கடைசியில. போட்டதுல அதை வெட்டிட்டேன்.

டீ ஆறுது.

அதை அப்பிடியே எப்பிடிண்ணே போடுறது? நீங்களே யோசிங்க. இதைப் பாத்தா எத்தனை பேரு மனசு ஒடியும்! அந்தத் திருப்பூர் அம்மா புருசன் தெவசத்தை எட்டு வருசமா இதுக்குத்தான் குடுக்குது. அதுகிட்டப் போயி, அம்மா நீங்க குடுத்தது வீணுன்னு சொல்லணுமா? நாளைக்கு நெசமாவே ஒரு புள்ளைக்குச் சீக்குன்னா எவனாவது குடுப்பானா? இது தன்னை மட்டும் பாக்குது. நான் எல்லாத்தையும் பாக்க வேண்டியிருக்கு.

ராத்தூக்கம் இல்லாம யோசிச்சேன். அப்பறம் சும்மா ஒரு தடவை சத்தத்தை எடுத்துட்டுப் போட்டுப் பாத்தேன். அண்ணே, எனக்கே புல்லரிச்சுப் போச்சு. வாய் அசையுது, சத்தம் வரலை. கண்ணு என்னமோ கெஞ்சுது. ஒரு புல்லாங்குழலைச் சேத்தேன். கீழ, நீங்கள் காப்பாற்றிய குழந்தைக்கு இப்போது குரலும் போய்விட்டதுன்னு ஒரு வரி. அம்புட்டுத்தான். எட்டு வருசமா அழு அழுன்னு கெஞ்சுனேன், அழாமலே அழ வச்சுட்டேன். என் பேஜ்ல நாலு லட்சம் பேரு பாத்திருக்காங்க. கிளிசரின் வீடியோவைத் தாண்டிப் போயிருச்சு.

வாக்குக் குடுத்துட்டு நான் ஏமாத்திட்டேன்னு அது சொல்லுதாமா? நான் எடுத்துருவேன்னுதான் சொன்னேன். என்னைக்கு எடுப்பேன்னு சொல்லலையே.

அதுவே போன்ல ஒரு வீடியோ எடுத்துப் போட்டுச்சு. நான்தான் ரூபிணி, எனக்குப் பேச்சு வரும்னு. நாப்பது பேரு பாத்தாங்க. அடியில என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? இது யாரோ டூப்பு, நெசமான பொண்ணால பேச முடியாது, ஒரு நோயாளி பேரைச் சொல்லிப் பொழைக்கிறியே, வெக்கமா இல்லையான்னு. சிரிப்பு வந்துருச்சு எனக்கு. பாவம்தான்.

சொல்லுங்க. ஓ. மாப்பிள்ளைத் தம்பி உறுதியா நிக்கிறாரா? சந்தோசம். அவங்க அம்மா மூணு நாளாச் சாப்பிடலையா? ஆமா, இருக்கும், பெத்த மனசு. உங்க ஆளுக, சீக்கை மறைச்சுக் கட்டப் பாக்குறாங்கன்னு சொல்றாங்களா? சொல்லத்தான் செய்வாங்க.

நான் இந்த ஒரிஜினலை என் பேஜ்ல போட்டா நீங்க எல்லாத்துக்கிட்டயும் காட்டிப் பேசி முடிச்சுருவீங்களா? நீங்களே முன்ன நின்னு நடத்துவீங்களா? பெரிய மனசுண்ணே உங்களுக்கு. அந்தப் பொண்ணு குடுத்து வச்சிருக்கணும். உங்க போனுக்கு அனுப்பி நீங்க காட்டுனா நம்ப மாட்டாங்க, டூப்பும்பாங்க, சரிதான். என் பேஜ்ல வந்தாத்தான் நம்புவாங்க. சரியாச் சொன்னீங்க. நாலு லட்சம் பேரு நம்புற பேஜ் அது.

பத்து நிமிச வேலைதான். பத்துகூட வேணாம். இந்தா, இந்த பட்டன்தான்.

இல்லண்ணே.

மாட்டேன்னு சொல்லலை. முடியாதுங்கிறேன். ஒரு பொண்ணுக்காகப் பாத்தா எத்தனை பேரு புண்ணியம் கெட்டுப்போகும்? கையெடுத்துக் கும்பிடாதீங்க, வயசுல மூத்தவரு, எனக்குப் பாவம். உக்காருங்க. பணமா? சே, சே! என்னைப் பத்தி என்ன நினைச்சுட்டீங்க? மடியில வைங்க. நான் காசுக்காகச் செய்யிறவன்னா எட்டு வருசம் ஓட்ட முடியுமா? இது சேவைண்ணே. மூடணும்னு தோணுனா மூடுறதுக்கு இது கம்பெனி இல்ல.

சரி, எந்திரிச்சுட்டீங்க. என்ன முடிவு?

ம்.

பொண்ணு மேல குறை இல்ல, ஆனா வீட்டுப் பொம்பளைகளுக்கு எதைக் காட்டி வாயை அடைக்கிறது, அதானே? நியாயம்தான். உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சி. நாளைக்குப் புள்ள பொறந்தாலும் அதுக்கும் சீக்கு இருக்குமான்னு ஒருத்தன் கேப்பான். நீங்க வேணாம்னு சொல்றதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நானும் எதையும் கெடுக்கலை. நீங்க கேட்டீங்க, உள்ளதைச் சொன்னேன்.

அடப்பாவமே. ஆனி மாசம் பூரா அது நடந்த நடையே வேறண்ணே. மெடிக்கலுக்குத் தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு வரும். அவங்கம்மா கட்டுன பூ. நான் இங்கன இருந்து பாப்பேன். போன்ல பேசிக்கிட்டே மாத்திரையைக் குடுக்கும், தம்பிகிட்டத்தான் பேசுது போலன்னு நினைச்சுக்குவேன். மனசு பூரா அந்தக் கல்யாணத்துலதான் இருக்கு. ஆட்டுக்குட்டிக்கு அழாதது, ஊசிக்கு அழாதது, இதுக்குத் தாங்குமா சொல்லுங்க? தாங்காது.

குமுளி வண்டி அஞ்சேமுக்காலுக்குத்தான். அவசரமே இல்ல. போற வழியில அவங்க வீட்டுல இறங்கிச் சொல்லப் போறீங்களா? வேணாம்ணே, நேர்ல போகாதீங்க, அந்தப் பொம்பள உங்க காலைப் பிடிச்சுரும், உங்களுக்கு மனசு தாங்காது. போன்லயே சொல்லிருங்க. அதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அதுக்கு லீவு, வீட்டுலதான் இருக்கும். போனை அதுகிட்டயே குடுக்கச் சொல்லுங்க, அம்மாகிட்டச் சொன்னா மென்னு முழுங்கும்.

இப்பப் பண்ணாதீங்க! வைங்க, வைங்க போனை. மணி என்ன? நாலே முக்கால். ஒரு உதவி மட்டும் பண்ணுங்கண்ணே. நான் வண்டியை எடுத்துட்டு ஒரு எட்டு அங்க போயிர்றேன், கல்யாணப் படம் எடுக்க வந்தேன்னு பஞ்சவர்ணத்துக்கிட்டச் சொல்லி அதை வாசல்ல உக்கார வச்சுர்றேன். ஸ்டாண்டைப் போட்டு, மைக்கை மாட்ட எனக்கு ஒரு கால் மணி நேரம். அவங்க வாசல்ல அஞ்சு மணிக்கு வெயில் சாஞ்சு மூஞ்சியில அப்பிடியே விழும், அரை மணிதான், அப்பறம் எதிர்த்த மாடிவீடு மறைச்சுரும்.

அஞ்சேகாலுக்குப் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி வேணாம்.